தூங்கும் விளக்கு

கொரட்டூரில் பத்துக்கு ஒன்பது பெட்ரூமில் குடித்தனம் நடத்துகிறவனுக்குத் தொங்கு விளக்கு எதற்கு? இது எங்கள் ஹவுஸ் ஓனரின் கேள்வி. "என்ன சார், மைசூர் மகாராஜா யாராவது தங்க வர்றாரா?" என்று வேறு கேட்டார்.

மகாராஜா இல்லை சார், குரூப்-4!

என் மனைவி பரீட்சைக்குப் படிக்கிறாள். குழந்தை தூங்கிய பிறகு, ராத்திரி பத்திலிருந்து பன்னிரண்டரை வரைதான் அவளுக்கென்று இருக்கும் நேரம். ஹாலில் அப்பா படுத்திருப்பார். கிச்சனோ, அடுப்பை அணைத்த பிறகும் இட்லிப் பானை. பாக்கி இருப்பது பெட்ரூம். அங்கே டியூப் லைட் எரிந்தால் பத்து மாதப் பயல் 'நானும் படிக்கிறேன்' என்று எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

ஆக, மேஜை மேல் மட்டும் விழுகிற வெளிச்சம் வேண்டும். பாடியில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடிச் சரங்கள் தொங்கும் ஒன்றைக் காட்டி, "ரூமுக்கு நடுவுல மாட்டுங்க சார், லுக்கே மாறிடும்!" என்றார்.

நடுவில் ஏற்கெனவே ஃபேன் இருக்கிறதே! சென்னையில் விளக்கில்லாமல்கூட இருக்கலாம், ஃபேன் இல்லாமல் முடியுமா? அதன் இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் நிழல் சுற்றிச் சுற்றி வந்து தலை கிறுகிறுக்கும். கீழே தொங்கினால் என் நெற்றிக்கு தினம் ஒரு பொட்டு.

"ஏங்க, மூலையில மேஜைக்கு மேல தொங்கட்டுமே" என்றாள் மனைவி. யாருமே நடக்காத இடம், இறக்கையும் எட்டாது. பிரச்னை தீர்ந்தது.

ஷேடு? கண்ணாடி உருண்டை அறை முழுக்க வெளிச்சத்தைப் பந்தி வைத்துவிடும். தகரக் குடை மாதிரி மூடியிருந்தால் கீழே மட்டும் பரிமாறும். குடைக்கே ஓட்டு. மேஜையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் தொங்கினால் பல்பு கண்ணில் குத்தாது.

பல்பு வாங்கும்போது பெட்டியில் 'கெல்வின்' என்று ஒரு நம்பர் இருக்கும், பாருங்கள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. 3000 என்றால் இளமஞ்சள். ராத்திரியில் நீல வெளிச்சம் தூக்கத்தைத் துரத்தும். நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்த, ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசே கிடைத்தது. அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு 3000-ஐ வாங்கிக்கொண்டோம். ஹோல்டரும் சாதாரண பின் ஹோல்டர்தான். பல்பு போனால் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்.

பி.காம். படித்தவன் கணக்குப் பார்க்காமல் இருப்பானா? பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இந்த 9 வாட் தருகிறது. தினம் இரண்டரை மணி நேரம், மாதம் முப்பது நாள் எரித்தாலும் முக்கால் யூனிட்கூட ஆகாது. ஒரு அரசாங்க உத்தியோகத்துக்கு இதைவிட மலிவான முதலீடு உண்டா?

பழந்தமிழில் 'தூங்குதல்' என்றால் தொங்குதல் என்றும் அர்த்தமாம். சரிதான். இப்போதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் பெட்ரூமில் விளக்கு தூங்குகிறது, பயல் தூங்குகிறான், நானும் தூங்குகிறேன்.

விழித்திருப்பவள் ஒருத்திதான். அவள் பாஸாகிவிட்டால் மற்ற மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கலாம்!