உப்பு விளையும் ஊர்

பேச்சு வரத் தொடங்கிய குழந்தைக்கு நாம் முதன்முதலில் சொல்லிக் கொடுக்கும் பழம் எது? வாழையா, மாவா? இரண்டும் இல்லை. ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்றுதான் வித்தியாரம்பமே நடக்கிறது. அதில் ஒன்றும் பிசகில்லை. ஆனால், “ஆப்பிள் எங்கேடா கண்ணா காய்க்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். “பழக் கடையிலே!” என்று பதில் வரும். இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளையானால், “ஃபிரிட்ஜிலே!” என்று சொல்லும்.

குழந்தையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆப்பிள் மரம் குளிர்ப் பிரதேசத்துப் பிள்ளை. பனிக்காலத்தில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுத் தூங்கும். நம் நாட்டில் பேர் பெற்ற வகைகளுக்கு, 7 டிகிரிக்கும் குறைந்த குளிரில் சுமார் 1,000 மணி நேரத் தூக்கம் வேண்டும். அப்போதுதான் வசந்தத்தில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூக்கும், தேனீ வந்து மகரந்தம் சேர்க்கும், காயாகிப் பழமாகும். 1916-இல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் சிம்லாவுக்கு அருகே கோட்கட்டில் நட்ட கன்றுகளிலிருந்துதான் இமாசலத்தின் ஆப்பிள் தோட்டங்கள் பெருகின. நம் பக்கத்தில் கொடைக்கானல் போன்ற மலைகளில் கொஞ்சம் காய்க்கிறது. சென்னை வெயிலில் மாம்பலத்து மாடியில் தொட்டி வைத்து வளர்த்துக் காட்ட முடியாது.

போகட்டும். ஆப்பிள் இல்லாமல் ஒரு வருஷம் இருந்துவிடலாம். ஒரு வேளைகூட இல்லாமல் இருக்க முடியாத ஒரு பொருள் நம் அடுக்களையில் இருக்கிறதே, அது விளைவதை நம் குழந்தைகள் பார்த்திருக்கிறார்களா? உப்பைத்தான் சொல்கிறேன். ஆம், விளைவதை! நெல் விளைகிறது என்கிற மாதிரியே உப்பு விளைகிறது என்றுதான் தமிழில் சொல்கிறோம். அந்தச் சொல் எத்தனை பொருத்தமானது என்று தெரிய வேண்டுமானால் மரக்காணத்துக்கு ஒரு நடை போய் வர வேண்டும்.

வெள்ளை வயல்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர். மாமல்லபுரம், கல்பாக்கம், ஆலம்பரைக் கோட்டைக்குப் பிரியும் கடப்பாக்கம் எல்லாம் தாண்டினால் மரக்காணம். புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் சௌகரியம். வடக்கே ஒரு மணி நேரம்தான். பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை போகலாம். காலை வெயில் ஏறுவதற்கு முன் போய்ச் சேர்வது உத்தமம்.

சாலையோரத்தில் கண்ணுக்கெட்டிய வரை வரப்பு, பாத்தி, வாய்க்கால். நடவு வயல் போலவே இருக்கும். பயிர் மட்டும் இராது. பாத்திகளில் ஆகாயம் விழுந்து கிடக்கும். வரப்போரம் வெள்ளை வெளேரென்று குவியல்கள். நாங்கள் அழைத்துச் சென்ற ஐந்து வயதுச் சிறுமி பஸ்ஸை விட்டு இறங்கியதும், “இது யாரும்மா கொட்டி வெச்சது?” என்று கேட்டாள்.

பாத்தியில் வேலையாக இருந்த மூதாட்டி ஒருத்தி சிரித்துவிட்டாள். “யாரும் கொட்டலே கண்ணு. வெளைஞ்சுது.”

“விதை போட்டீங்களா, ஆயா?”

“கழித் தண்ணிதான் வெதை. வெயிலுதான் எரு.”

இதைவிட அழகாக எந்தப் பாடப் புத்தகம் சொல்லும்? விஷயமும் அவ்வளவுதான். 1 லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அந்த நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் அதைச் சுண்ட வைக்கின்றன. கொஞ்சம் சுண்டியதும் அடுத்த பாத்தி, இன்னும் சுண்டியதும் அதற்கடுத்தது. ரசம் வற்றுகிற மாதிரிதான்! வழியிலேயே சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக அடியில் தங்கிவிடும். பத்துக் குடம் நீர் ஒரு குடமாக வற்றும் தறுவாயில், கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கும். முழுவதும் வற்ற விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கைத்துப் போகும். ஆகவே அந்தக் கைப்பு நீரை முன்னதாகவே வடித்துவிட வேண்டும். அந்தப் பதம் பார்ப்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், நம் வீட்டு 1 கிலோ உப்புப் பொட்டலத்துக்குள் சுமார் 37 லிட்டர் கடல் இருக்கிறது. மூன்று குடம்!

காலும் கண்ணும்

பருவம் தொடங்கும்போது பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். தரை இறுகினால்தான் உப்பில் சேறு கலவாது. பிறகு நீண்ட கோலில் பலகை பூட்டி, விளைந்த உப்பை வாரி வரப்பில் சேர்க்கிறார்கள். கூடை கூடையாய்ச் சுமந்து போய்க் குவிக்கிறார்கள். இந்த வேலையில் பெண்கள் ஏராளம். உப்பு நீரில் நின்று நின்று பாதம் வெடிக்கிறது. வெள்ளைப் பரப்பில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. அதற்குப் பயந்தே விடியற்காலையில் வேலையைத் தொடங்குகிறார்கள்.

ஊரெல்லாம் மழைக்காக ஏங்கும்போது, மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளும் விவசாயியை இங்கேதான் பார்க்கலாம். கோடையில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தால், பாத்தியில் பூத்த உப்பு மறுபடியும் தண்ணீர்! வாரங்களின் உழைப்பு ஒரு மணியில் கரைந்துவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் உப்பளமே மூழ்கிக் கிடக்கும். வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. ஒரு குடும்பம் அதைக் கொண்டு எத்தனை நாள் அடுப்பு மூட்டும் என்பதை இல்லத்தரசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிறுமி ஆயாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வலிக்குமா?” என்று கேட்டாள்.

“பழகிப் போச்சு கண்ணு. நீ சோத்தைக் கீழே கொட்டாம தின்னு, போதும்” என்றாள் அந்த அம்மாள்.

பழைய பட்டினம்

மரக்காணம் நேற்று முளைத்த ஊரல்ல. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். சங்க காலத்தில் உமணர்கள் உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டு போய் நெல்லுக்கு மாற்றி வந்தார்கள். ஊரிலுள்ள பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் தெற்கே முடிவதும் இவ்விடத்தில்தான். ஒரு காலத்தில் உப்பும் விறகும் அதில் படகேறிச் சென்னைக்குப் போயின. வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டதையும், அதை எதிர்த்து 1930-இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த வரப்பைவிட நல்ல இடம் கிடையாது. நேரமிருந்தால் பக்கத்திலேயே களுவேலி ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் தூர தேசத்துப் பறவைகள் வந்து இறங்கும்.

ஒரு வார்த்தை: அனுமதி கேட்காமல் பாத்திக்குள் குழந்தைகளை இறக்க வேண்டாம். ஒரு சின்னக் காலடி போதும், மிதித்துப் பதப்படுத்திய தரை கெட்டுவிடும். வரப்பில் நின்றே பார்க்கலாம்.

மாடியில் ஓர் உப்பளம்

போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். ஒரு டம்ளர் நீரில் மூன்று ஸ்பூன் உப்பைக் கரைத்து, அகலமான கறுப்புத் தட்டில் ஊற்றி மாடி வெயிலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தட்டில் உப்பு பூக்கும். பூதக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் சின்னஞ்சிறு சதுரப் பெட்டி! நடுவில் மழை வந்து எல்லாம் கரைந்துவிட்டதா? ரொம்ப நல்லது. அன்றைக்குக் குழந்தை கற்றுக்கொள்ளும் பாடம் இன்னும் பெரிது.

ஆப்பிளையும் விட்டுவிட வேண்டாம். குறுக்கே வெட்டிக் காட்டுங்கள். நடுவில் ஐந்து முனை நட்சத்திரமும் அதற்குள் விதைகளும் தெரியும். அந்தத் துண்டுகளை லேசான உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து டிபன் டப்பாவில் வைத்தால், பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை கறுக்காது. மலையில் குளிர் வளர்த்த பழத்தை, கடற்கரையில் வெயில் வளர்த்த உப்பு காப்பாற்றிக் கொடுக்கும். இரண்டுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய கை இருக்கிறது என்பது அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தால், டப்பா மிச்சமில்லாமல் வீடு திரும்பும்.