இரண்டாம் குவளை

தியானப் பகுதி: கலாத்தியர் 2:11-14



1906 பிப்ரவரியில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் ஐரோப்பியர் அணியும் இந்துக்கள் அணியும் கிரிக்கெட் ஆடின. இந்துக்கள் முதல் ஆட்டத்தில் 242, இரண்டாம் ஆட்டத்தில் 160 ஓட்டங்கள் எடுத்தனர். ஐரோப்பியர் எடுத்தவை 191, 102. ஆளப்பட்டோர் ஆண்டோரை 109 ஓட்டங்களால் வென்றனர். அவ்வெற்றியில் எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தியவர் பல்வங்கர் பாலு.

1876-இல் தார்வாடில், தோல் தொழில் செய்யும் வகுப்பில் பிறந்தவர் அவர். பூனாவில் பார்சிகளின் கழகம் ஒன்றில் மாதம் மூன்று ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பெருக்கினார், உருளை இழுத்தார். பின்னர் ஐரோப்பியர் கழகத்தில் நான்கு ரூபாய்ச் சம்பளம். கிரெய்க் என்னும் ஆங்கிலேய ஆட்டக்காரர், பாலு தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்பர். ஆயினும் மட்டை பிடிக்க அங்கே அவருக்கு அனுமதியில்லை.

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்கள் பாலுவைத் தம் அணியில் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ அவர் அரங்கின் வெளியே நின்றார். குடித்தபின் எறிந்துவிடும் மண்குவளையில் அவருக்குத் தேநீர் வந்தது, உணவும் தனியே. நம் ஊரார் இதனை இரட்டைக் குவளை என்பர். பயன்தரும் கையை ஏற்றவர்கள், பசித்த வாயை விலக்கினார்கள்.

1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தும் இந்துக்கள் அணியின் தலைமை பாலுவுக்குக் கிட்டவில்லை. 1923-இல் அவர் தம்பி விட்டல் தலைவரானார். அவ்வாண்டு அணி கோப்பையை வென்றது. திறமை கதவுகளைத் திறந்தது என்று நாம் மகிழலாம். ஆனால் விக்கெட் எடுக்காத பாலுவுக்கு என்ன கிடைத்திருக்கும்? எட்டு விக்கெட் எடுத்தவனுக்கே பந்தியில் இடம் என்றால், அது விருந்தன்று, கூலி.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உண்டு வந்தார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகினார். பவுல் அதைத் தனியே அழைத்துச் சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். ஏனெனில் அங்கே கெட்டது நாகரிகமன்று, சுவிசேஷமே.

தமிழ்த் திருச்சபைக்கும் இக்கேள்வி புதிதன்று. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் ஆராதனையை விட்டே விலகினர்.

இன்று ரமணாசிரமப் பகுதியில், செங்கம் சாலைத் தேநீர்க் கடைகளில் எல்லாருக்கும் ஒரே காகிதக் குவளைதான். பௌர்ணமி இரவில் மலை சுற்றுவோர் பக்கத்தில் நிற்பவர் யாரென்று கேளாமல் குடித்துச் செல்கின்றனர். இரண்டாம் குவளை தெருவிலிருந்து வீட்டுக்குள் போய்விட்டது.

சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பத்தார் திருமணப் பேச்சாக என்னிடம் வந்தனர். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞனைத் தங்கள் மகளுக்குப் பார்த்திருந்தனர். அவன் பக்தி, படிப்பு, வேலை எல்லாம் நிறைவாயிருந்தன. கடைசியில், “ஐயா, அவங்க எந்த ஆளுங்க?” என்றார் தகப்பனார். “ஞானஸ்நானப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறது. அதற்குமேல் என்னிடம் பதிவில்லை” என்றேன். அவர்கள் வணக்கம் சொல்லிப் புறப்பட்டனர். பேச்சு அத்தோடு நின்றது. அவன் வாசிப்புக்கு அவர்கள் இன்றும் ஞாயிறுதோறும் பாடுகிறார்கள்.

பிரியமானவர்களே, திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறோம். வரும் ஞாயிறு அதற்கு முன்பாக, நம் வீட்டில் யாருக்கு இரண்டாம் குவளை வைத்திருக்கிறோம் என்று சோதித்தறிவோமாக.

ஜெபம்: ஆண்டவரே, தகுதி பாராமல் எங்களை உமது பந்தியில் அமர்த்தினீர். நாங்கள் பிறருக்குத் தகுதி கேளாதிருக்க எங்கள் இருதயத்தை மாற்றும். ஆமென்.