வளவில் ஒரு மழைமானி

மழை பெய்ததா என்று கேட்டால் எவரும் விடை கூறுவர். எவ்வளவு பெய்தது என்று கேட்டால் அவ்விடை கூறுபவரின் தொழிலையும் மனநிலையையும் பொறுத்து வேறுபடும். நெல் விதைத்தவருக்குப் போதாத மழை வெங்காயம் நட்டவருக்கு மிகையாகிவிடுகின்றது. இவ்வேறுபாட்டைத் தீர்க்கும் பொருட்டே மனிதன் மழையை அளக்க முற்பட்டான் எனலாம். களஞ்சியத்திலே ஒரு முழ அகலமான வாயையுடைய பாத்திரத்தை மழையளக்க வைக்குமாறு கௌடில்யரின் அர்த்தசாத்திரம் விதிக்கின்றது. கொரியாவில் சேஜோங் மன்னனின் காலத்தில், 1441ஆம் ஆண்டளவில், மழையளக்கும் உருளைப் பாத்திரங்கள் உருவாக்கப்பட்டு நாடெங்கும் அனுப்பப்பட்டன. இரண்டும் உழவை முன்னிட்டு அரசு செய்த ஏற்பாடுகளாகும். எமது வளவில் மழைமானி வந்ததற்கும் உழவே காரணம். ஆனால் அதனை வைக்கத் தூண்டியது ஒரு வழக்கு.

நான் முதலாம் வருடத்தில் பயின்றுகொண்டிருந்தபோது, ஒரு மார்கழியில் எமது வெங்காயத் தோட்டம் முழுவதும் நீரில் நின்று அழுகிப் போயிற்று. ஐயா நட்டஈடு வேண்டி விண்ணப்பித்தார். அந்நாட்களில் அப்பகுதியில் பதிவான மழைவீழ்ச்சி பயிரழிவை உண்டாக்கும் அளவினதன்று எனக் குறிப்பிட்டு விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. அப்பதிவுக்குரிய மழைமானி எமது ஊரிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. “அங்கை பெய்யாட்டில் இங்கையும் பெய்யேல்லையாமோ?” என்று ஐயா பலநாள் கேட்டுக்கொண்டிருந்தார். புவியியலைப் பாடமாகப் பயிலும் எனக்கு அக்கேள்வி நியாயமாகவே தோன்றியது. ஐப்பசி மாத இடிமழை ஓர் ஒழுங்கையின் ஒரு பக்கத்தை நனைத்து மறுபக்கத்தை விட்டுச் செல்வதை யாழ்ப்பாணத்தார் யாவரும் கண்டிருப்பர். எமது மழையை நாமே அளந்தால் அடுத்தமுறை எவரும் மறுக்க முடியாது எனத் துணிந்தேன். மகாபொலப் பணத்திற் சேமித்ததைக் கொண்டு கருவி வாங்கப் புறப்பட்டேன்.

முதலில் என்னைக் கவர்ந்தது இக்காலத்து இலத்திரனியற் கருவித்தொகுதி. வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் வேகம், திசை, மழை ஆகியவற்றை ஒரே தண்டிற் பொருத்திய உணரிகள் அளக்க, அளவுகள் வீட்டினுள் இருக்கும் சிறு திரையிற் கம்பியின்றித் தோன்றும். அதிலுள்ள மழைமானி தராசுபோன்ற இரு சிறு கிண்ணங்களால் ஆனது. ஒரு கிண்ணம் நிறைந்ததும் கவிழ்கிறது. மற்றையது அதனிடத்துக்கு வருகிறது. கவிழ்வுகளின் எண்ணிக்கையே மழையின் அளவாகும். தூறலுக்கு இம்முறை போதுமானது. பெருமழையிலோ கிண்ணம் கவிழும் கணத்திலும் நீர் விழுந்துகொண்டேயிருப்பதால் ஒரு பகுதி எண்ணப்படாமற் போகும். எமது மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில், அதுவும் சில நாட்களிற் கொட்டித் தீர்க்கும் மழையாகும். ஆகவே புனலும் சேகரிக்கும் கலமும் அளவுச்சாடியும் மாத்திரமே கொண்ட பழைய வகை மழைமானி ஒன்றையும் வாங்கினேன். இயந்திரம் ஏதுமற்ற அக்கருவியில் ஒவ்வொரு நாட்காலையும் 8.30 மணிக்கு நீரை ஊற்றி அளக்கவேண்டும். இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைநாளும் அந்நேரத்திலேயே கணக்கிடப்படுவதால் இரண்டையும் ஒப்பிட முடியும்.

வாங்குவது இலகு, வைப்பதே கடினம் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். மழைமானியின் விளிம்புக்கு மேலாக ஒரு தடை எவ்வளவு உயரமோ, அதன் இருமடங்கு தூரத்துக்கு அப்பால் மானி இருத்தல் வேண்டும். காற்றுவேகமானியோ திறந்த வெளியிற் பத்து மீற்றர் உயரத்தில் நிற்கவேண்டும். தடைகள் யாவும் தம் உயரத்தின் பத்துமடங்கு தூரத்துக்கு அப்பால் இருப்பது முறை. எமது வீடும் கிணறும் மரங்களும் உள்ள வளவு நான்கு பரப்பு. அதாவது ஏறத்தாழ ஆயிரம் சதுர மீற்றர். சதுரமாக்கினால் ஒரு பக்கம் முப்பத்திரண்டு மீற்றர். நடுவே அப்பு நட்ட வேம்பு நிற்கின்றது. அதன் நிழலையும் ஒரு கோலின் நிழலையும் ஒப்பிட்டு அளந்தபோது உயரம் பன்னிரண்டு மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. மழைக்கு இருபத்துநான்கு மீற்றர் விலகவேண்டும். காற்றுக்கு நூற்றிருபது மீற்றர். நூற்றிருபது மீற்றர் விலகினால் மானி மூன்று வீடுகளுக்கு அப்பால் நிற்கும்.

ஐயா வேம்பைத் தறிக்கலாம் என்றார். வழக்கில் வெல்ல வேண்டும் என்ற எண்ணம் அவரை அவ்வளவுக்கு ஆட்கொண்டிருந்தது. திண்ணையிலிருந்த அப்பாச்சி, “காத்தை அளக்கிறதுக்குக் காத்துத் தாற மரத்தைத் தறிக்கிறதோ?” என்று கேட்டார். அக்கேள்விக்கு எனது பாடநூல்களில் விடை இருக்கவில்லை. காற்றுவேகமானியை வீட்டுக்கூரைக்கு மேலாக ஒரு குழாயில் நிறுத்தினேன். ‘வேம்பினாலும் கூரையினாலும் தடைப்படுவது, பிற இடங்களுடன் ஒப்பிடத் தகாதது’ என்று பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைத்தேன். மழைமானிக்காக, வளவின் பின்னால் அதனுடன் சேர்ந்திருக்கும் தோட்டக்காணியில் இரண்டு பாத்திகளின் இடத்தை ஐயா விட்டுத்தந்தார்.

வெப்பமானி வேறொரு பாடத்தைக் கற்பித்தது. முதல்வாரத்தில் அதனை அடுக்களையின் மேற்குச் சுவரில் மாட்டியிருந்தேன். மாலைவேளைகளில் அது காட்டியது வளியின் வெப்பத்தையன்று, சுவரின் வெப்பத்தையே. பின்னர் தச்சர் ஒருவரைக் கொண்டு, சாய்ந்த சட்டங்களாலான பக்கங்களையுடைய வெள்ளைப் பெட்டியொன்றைச் செய்வித்து, ஒன்றரை மீற்றர் உயரத்தில் நிறுத்தினேன். பெட்டியின் கதவு வடக்கு நோக்கியிருக்க வேண்டும் என்பது மேனாட்டு விதி. அந்நாடுகளில் நண்பகற் சூரியன் என்றும் தெற்கிலேயே நிற்கும். யாழ்ப்பாணமோ ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. சித்திரை முதல் ஆவணி வரையான காலத்தில் நண்பகற் சூரியன் எமக்கு வடக்கே நிற்கின்றது. ஆகவே தெற்கிலும் ஒரு கதவை வைக்க வேண்டியதாயிற்று. கருவியை விலைகொடுத்து வாங்கலாம். அதனை நிறுத்துவதற்கான அறிவை நிற்கும் மண்ணிலிருந்தே பெறவேண்டும்.

அடுத்த கார்த்திகையில் ஓரிரவு பெருமழை பெய்தது. விடிந்ததும் தோட்டத்துக்குச் சென்றேன். வெங்காயப் பாத்திகள் நீரின் கீழிருந்தன. ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். 8.30 வரை காத்திருந்து நீரை அளவுச்சாடியில் ஊற்றினேன்.

“எவ்வளவு, பிள்ளை?”

“அறுபத்துநாலு மில்லிமீற்றர், ஐயா.”

“நூறு தாண்டியிருக்கும். வடிவாப் பார்.”

மீண்டும் பார்த்தேன். அறுபத்துநான்கே. இலத்திரனியற் கருவி ஐம்பத்தேழு என்றது. அறுபத்துநான்கு மில்லிமீற்றர் சிறு மழையன்று; நான்கு பரப்புக் காணியில் அது ஏறத்தாழ அறுபத்துநாலாயிரம் லீற்றர் நீராகும். ஆயினும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அது புதுமையுமன்று. 2008 நவம்பரில் நிஷா சூறாவளியின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் முந்நூறு மில்லிமீற்றருக்கு மேற் பெய்தது. இம்மழைக்கே தோட்டம் மூழ்குமாயின் பிழை வானத்தில் இல்லை என்பது எனக்குப் புலப்பட்டது.

தோட்டத்தைச் சுற்றி நடந்தேன். மேற்கு எல்லையில் மதிலின் உட்புறமாக நீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மறுபுறத்தில் ஒழுங்கை வாய்க்கால் ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்தது.

அம்மதில் எழுந்தது வெங்காயம் அழுகிய ஆண்டுக்கு முந்திய ஆண்டிலாகும். அதற்கு முன் அவ்விடத்திற் கிளுவைக் கதியால் வேலி நின்றது. வேலிக்குக் கிடுகு கட்டுவதும் கதியால் போடுவதும் ஆண்டுதோறும் வேலை; மதில் ஒருமுறைச் செலவு. அயலவர் பலரும் அவ்வாறே செய்தனர். வேலியின் அடியால் வழிந்த மழைநீர் ஒழுங்கை வாய்க்காலை அடைந்து ஊர்க்குளத்திற்குச் சென்றது. குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கற் படையினுள் இறங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறுகின்றது. அது குறைய நாம் இறைப்பதைக் கூட்டினால் உவர்நீர் மேலெழுகின்றது. ஆகவே மதில் எமது பயிரை மூழ்கடித்ததோடு குளத்துக்குச் சேரவேண்டிய பங்கையும் தடுத்து நின்றது.

இவற்றை ஐயாவிடம் எவ்வாறு கூறுவது என்று தயங்கினேன். அவருக்காகவே வாங்கிய கருவி அவருக்கு எதிராகச் சாட்சி கூறியிருந்தது. அழைத்துச் சென்று மதிலின் இரு பக்கங்களையும் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் நின்றார். பின்னர், “அப்ப, நாங்கள் கட்டினதுதான்,” என்று மாத்திரம் சொன்னார். அடுத்த வாரமே மேசன் வந்து மதிலடியில் நான்கு துவாரங்களை இட்டார். அதன்பின் ஒருநாள் எழுபத்தொரு மில்லிமீற்றர் மழை பெய்தது. நண்பகலுக்குள் பாத்திகள் வெளித்தெரிந்தன.

இதனால் விண்ணப்பத்தை மறுத்தவர்களின் முடிவு சரியென்று ஆகிவிடாது. பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மானி எமது தோட்டத்தில் விழுந்த மழையை அறியாது. அறியாததை அறிந்ததுபோற் கொள்வது முறையுமன்று. பல இடங்களின் மழையைக் கூட்டி வகுத்துப் பெறும் சராசரி எவருடைய வளவிலும் அப்படியே பெய்வதில்லை. ஆனால் எமது கூற்றும் சரியாக இருக்கவில்லை. எமக்குச் சார்பான எண்ணை எதிர்பார்த்தே மானியை வாங்கினோம். மரத்தின் கீழோ கூரை விளிம்பின் கீழோ வைத்திருந்தால் வேண்டிய எண்ணைப் பெற்றும் இருப்போம். துவாரங்கள் இல்லாத மதில் இன்றும் நின்றிருக்கும். இரண்டு பாத்திகளை இழந்து தகுந்த இடத்தில் அதனை வைத்தமையாலேயே எமது பிழையை அது எமக்குக் காட்டிற்று.

நான் விடுதியில் இருக்கும் நாட்களில் ஐயாவே மழையை அளந்து எழுதுகின்றார். சென்ற விடுமுறையிற் பதிவேட்டைப் புரட்டியபோது, ஒரு நாளுக்குரிய நிரலில் எண்ணுக்குப் பதிலாக, ‘கலத்தைத் தட்டி விட்டேன்; அளவு தெரியாது’ என்று அவருடைய கையெழுத்தில் இருந்தது. ஏதோ ஓர் எண்ணை எழுதியிருந்தாலும் எவரும் அறிந்திருக்கமாட்டார்கள். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடங்களாகத் தரவுகளைப் பற்றி நான் கற்றவற்றுள் இவ்வொரு வரிக்கு ஈடானவை சிலவே.