தேதியை எழுது

கம்ப்யூட்டர் லேபின் கதவைத் திறந்ததும் முகத்தில் படுகிற குளிர்காற்றுக்கென்று ஒரு வாசனை உண்டு, சூடான பிளாஸ்டிக்கும் ஏசியில் படிந்த தூசியும் பக்கத்து யூ.பி.எஸ். அறையிலிருந்து வரும் பேட்டரியின் லேசான புளிப்பும் கலந்த வாசனை, எம்.சி.ஏ. படித்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் படித்த காலத்தில் அதோடு காலுறை நெடியும் சேர்ந்திருக்கும், செருப்பை வராந்தாவில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்பதைச் செருப்புகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் அந்த வழக்கம் இல்லை, ஷூக்காலோடு வந்து உட்கார்கிறார்கள், பருவத் தேர்வு நெருங்கினால் பாடங்களைப் பற்றிய அபிப்பிராயத்தை ஒரு படிவத்தில் போடச் சொல்கிறோம், ஒன்றிலிருந்து ஐந்துவரை எதையாவது தொட்டு அனுப்பிவிட்டு எழுந்து போகிறார்கள். தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவான நாக் 2017இல் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பை மதிப்பீட்டின் ஒரு பகுதியாக்கியது, மாணவரின் குரல் கணக்கில் வர வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான், ஆனால் ஐந்துக்கு மூன்று போட்ட பிள்ளை எதை நினைத்து மூன்று போட்டது என்று அதிலிருந்து வரையும் வரைபடத்தில் எவ்வளவு நேரம் தேடினாலும் கிடைக்காது.

எங்களுக்கு இருந்தது வகுப்புக் குழு. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளில் அது இன்றும் இருக்கிறது, அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் எல்லோரும், மாணவர் பிரதிநிதிகள் சிலரும், தலைவராக அந்த வகுப்புக்குப் பாடமே எடுக்காத ஒருவரும் உட்கார வேண்டும், பருவம் தொடங்கிய முதல் வாரத்துக்குள் முதல் கூட்டம், பிறகு இடையிடையே மற்றவை, பேசியதைக் குறிப்பாக எழுதி இரண்டு நாளில் கல்லூரித் தலைவரிடம் கொடுக்க வேண்டும். தலைவர் வெளியாள் என்பதில்தான் இதை வகுத்தவர்களின் அனுபவம் தெரிகிறது, மதிப்பெண் போடும் கைக்கு எதிரே உட்கார்ந்து எந்தப் பிள்ளையும் முழுதாகப் பேசாது.

எங்கள் குழுவுக்குத் தலைவராக வந்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த கணிதப் பேராசிரியர், மூக்குப்பொடி போடுவார், போட்டுவிட்டுக் கதர்க் கைக்குட்டையை நான்காக மடித்துத் துடைப்பார், அது முடியும்வரை யாரும் பேச மாட்டோம். மேற்கு ஜன்னல் வெயில் மேசைக் கண்ணாடியில் விழும், அதன்மேல் நீள நோட்டைத் திறந்து வைத்து, பேனாவுக்கு மை ஊற்றி, எழுதத் தயாரான பிறகுதான் எங்களைப் பார்ப்பார். சொல்லுங்கோ என்பார், இருபது வயதுப் பிள்ளைகளையும் வாங்கோ போங்கோ என்றுதான் பேசுவார். நாம் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதுவார், எழுதி முடித்ததும் தமிழில் வாசித்துக் காட்டுவார், "இதானே நீங்க சொன்னது, கூடக் குறைய இல்லையே?" என்று கேட்பார், இல்லை சார் என்று தலையாட்டிய பிறகே அடுத்த வரிக்குப் போவார்.

அந்த மை வாசனையும் அந்த வாசித்துக் காட்டலும் என்னை முதல் கூட்டத்திலேயே சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுபோய்விட்டன, அங்கே புங்கமர நிழலில் மடக்கு நாற்காலி போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தவர் என் தாத்தா. கர்ணமாக இருந்தவர், 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தபோது வேலை போயிற்று, ஒழித்தது நியாயம்தான் என்று அவரே சொல்வார், பிறப்பால் கணக்குப்பிள்ளையாக ஒருவன் ஏன் இருக்க வேண்டும் என்பார், ஆனாலும் கணக்கு எழுதிய கை சும்மா இருக்கவில்லை. கார்பன் தாள், மைதாப் பசை, கோர்ட் பீ ஸ்டாம்பு, வெற்றிலைச் செல்லம், இவை எல்லாம் ஒரே தகரப்பெட்டிக்குள் கிடந்து அந்தப் பெட்டிக்கென்று ஒரு வாசனை வந்திருந்தது, கோடை விடுமுறையில் அதைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடப்பது என் வேலை. வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு முடிவதற்கு முன், மே, ஜூன் வெயிலில் ஜமாபந்தி நடக்கும், ஊர் ஊராகக் கணக்குப் புத்தகங்கள் வந்து இறங்கும், அதிகாரி முன்னால் அவை விரியும், பட்டாவில் பெயர் விட்டுப்போனவர்களும் வாய்க்கால் அடைபட்டவர்களும் வரிசையில் நிற்பார்கள், அதற்கு முன்னால் தாத்தாவிடம் நிற்பார்கள்.

ஒரே கேள்வியை அவர் மூன்று விதமாகக் கேட்பார், எப்போ அடைச்சான், அன்னிக்கு என்ன கிழமை, தண்ணி கடைசியா எப்போ வந்தது, கேட்டுக் கேட்டு வந்தவரின் ஆத்திரம் அடங்கி விவரம் மட்டும் மிஞ்சும்போதுதான் எழுதத் தொடங்குவார். எழுதியதைப் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கமாட்டார், அது பாவம் என்று நினைத்தார். "ஏ பிள்ள, கோவத்த எழுதக் கூடாது, தேதிய எழுதணும்" என்று என்னிடம் சொன்னது உபதேசமாக அல்ல, கார்பன் தாளை நேராகப் பிடிக்கச் சொன்ன அதே குரலில்தான்.

எங்களிடமும் கோபம் நிறையவே இருந்தது. போர்லாண்ட் நிறுவனம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளியிட்ட டர்போ சி++இல்தான் 2007இலும் நிரல் எழுதிக்கொண்டிருந்தோம், நீலத்திரையில் மஞ்சள் எழுத்து, சி++ மொழிக்கு உலகத் தரம் 1998இலேயே வந்துவிட்டது, நாங்களோ அதற்கும் முந்தைய வழக்கப்படி எழுதப் பழகி, வேலைக்கான தேர்வில் லினக்ஸில் ஜி.சி.சி. கம்பைலர் முன்னால் உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பிழை வந்து நிற்கும், திரையைத் துடைக்கும் கட்டளைகூட டர்போவுக்கு வெளியே செல்லாது. லேப் நேரத்தில் பாதி நாள் வேறு யாருக்கோ தேர்வு என்று கதவு பூட்டியிருக்கும், இன்னொரு பாடத்தில் குறிப்பைச் சொல்லச் சொல்ல எழுதுவதே வகுப்பாக இருந்தது. வகுப்புத் தோழர்கள் இதையெல்லாம் கொதிப்போடு ஒரு தாளில் எழுதி என்னிடம் தந்தார்கள், நான் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தாத்தா கேட்டதுபோலக் கேட்டேன், எந்தத் தேதியில் லேப் பூட்டியிருந்தது, எந்த நிரல் எங்கே ஓடவில்லை, என்ன பிழைச்செய்தி வந்தது என்று, கடைசியில் கூட்டத்துக்குக் கொண்டுபோனது ஒரு பட்டியல், அதில் யாருடைய பெயரும் இல்லை.

பேராசிரியர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு தன் இளமைக் கதைக்குப் போனார். ஐ.ஐ.டி. மெட்ராசுக்கு ஜெர்மன் உதவியில் ஐ.பி.எம். 370 வந்து 1973இல் ஓடத் தொடங்கிய காலம், எண்பது பத்திகள் கொண்ட அட்டைகளில் ஓட்டை போட்டு, அடுக்கி, ரப்பர் வளையம் மாட்டி ஜன்னலில் கொடுத்துவிட்டு மறுநாள் போய்க் காத்திருக்க வேண்டும், ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் திரும்பி வரும் தாளில் அந்தப் பிழை மட்டும் அச்சாகியிருக்கும், திருத்தி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அட்டைக்கட்டைக் கீழே போட்ட ஒருவர் அங்கேயே உட்கார்ந்து அழுததைச் சொன்னார். "எது தப்புன்னு மெஷின் தெளிவாச் சொல்லிடும், அதனாலதான் திருத்த முடிஞ்சது, நீங்களும் தெளிவாத்தான் சொல்லியிருக்கேள்" என்றார், சொல்லிவிட்டு ஆசிரியர்களை ஒவ்வொருவராகப் பதில் கேட்டார், பதிலையும் எதிர்ப்பக்கத்தில் எழுதினார்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் அதே நோட்டோடு வந்து பழைய பக்கத்திலிருந்துதான் தொடங்கினார். இரண்டு வரிசைக் கணினிகளில் லினக்ஸ் போட்டிருந்தார்கள், லேப் மாலை வரை திறந்திருந்தது, மின்வெட்டு மட்டும் எங்கள் கையிலும் அவர்கள் கையிலும் இல்லை. குறிப்பு எழுதும் வகுப்பு கடைசிவரை மாறவில்லை, அதையும் அவர் மறைக்கவில்லை, மாறவில்லை என்றே எழுதி எங்களுக்கு வாசித்துக் காட்டினார், அந்த ஒரு வரியால்தான் மற்ற வரிகளை நாங்கள் நம்பினோம்.

இன்று உரிமைகள் கூடியிருக்கின்றன, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்கின்றன, அதில் ஒரு மாணவர் இருக்க வேண்டும், பதினைந்து வேலை நாளில் அறிக்கை வேண்டும், திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவை எல்லாம் வேண்டியவைதான், சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்களில் இவை இல்லாமல் ஒரு மாணவனால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் ஒரு பாடம் புரியவில்லை, லேப் நேரம் போதவில்லை என்பதை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா, அதைக் கேட்க ஒரு மேசையும், எதிரே அவசரமில்லாத ஒரு மனிதரும்தான் வேண்டும், அந்த மேசையில் இப்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு, பிரச்சினை எதுவும் இல்லை என்று முன்பே தட்டச்சு செய்த குறிப்பைக் கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள்.

இந்தப் பருவம் முதலாண்டு எம்.சி.ஏ. குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டார்கள். நீள நோட்டு ஒன்று வாங்கினேன், மை ஊற்றும் பேனா எனக்குச் சரிப்படவில்லை, பால்பாயிண்ட்தான். படிவத்தில் இந்த வகுப்பு எங்களுக்கு நான்குக்கு மேல் போட்டிருந்தது, நேரில் உட்கார வைத்தபோது முதல் கால்மணி நேரம் எல்லாம் ஓகே மேடம் என்றார்கள், எந்த வாரத்தில் எந்தப் பாடம் கைவிட்டுப் போனது என்று கேட்கத் தொடங்கியதும் ஒரு பெண் மெல்ல ஆரம்பித்தாள், பிறகு நிறுத்த முடியவில்லை. மூன்றாண்டுப் படிப்பு 2020-21இலிருந்து இரண்டாண்டாகச் சுருங்கியதில் அடித்தளத்துக்கு இருந்த அவகாசம் போய்விட்டது, பி.காம். முடித்து வந்தவர்கள் அணிகளைப் பள்ளியோடு மறந்தவர்கள், அவர்கள் முன்னால் இயந்திரக் கற்றல் பாடம் நான்காம் வாரமே அணிப் பெருக்கலில் நிற்கிறது, பயிற்சிக்குத் தேவையான ஜி.பி.யூ. லேபில் இல்லை, இலவச மேகக்கணினி பாதியில் துண்டித்துவிடுகிறது, விடுதியில் இணையம் இரவில் அடங்குகிறது. தேதிகளோடு எழுதினேன், தமிழில் வாசித்துக் காட்டினேன், அந்தப் பெண் ஓரிடத்தில் திருத்தினாள், நான்காம் வாரம் இல்லை மேடம், மூன்றாம் வாரம் என்றாள்.

துறைத்தலைவர் சனிக்கிழமைக் காலைகளில் கணிதத்துக்கு நேரம் ஒதுக்கச் சம்மதித்தார், லேபுக்கு ஒரு ஜி.பி.யூ. கேட்டதற்கு அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார், விடுதி இணையம் தன் பொறுப்பில் இல்லை என்றார். மூன்றையும் எதிர்ப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், அடுத்த கூட்டத்துக்கு விடுதிக் காப்பாளரையும் அழைக்கக் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் வரவேண்டும்.