கரை தாண்டாத கேமரா

நெதர்லாந்தின் ஸ்கொக்லாந்து ஒரு காலத்தில் கடல் நடுவே கிடந்த ஒல்லியான தீவு. இப்போது சுற்றிலும் வயல்கள். அதன் வடமுனையில் இருக்கும் பழைய துறைமுகத்தில் நிற்கிறேன். படகு கட்டும் மரத்துறை அப்படியே நீண்டு போகிறது. ஆனால் அதன் கால்களைச் சுற்றி அலை இல்லை, முழங்கால் உயரப் புல்தான் காற்றில் சாய்ந்து எழுகிறது.

புயலும் வறுமையும் தாங்காமல் 1859இல் அரச உத்தரவுப்படி இந்தத் தீவைக் காலி செய்தார்கள். 1932இல் பெரிய அணைக்கரை எழுப்பி ஸோய்டர்ஸே என்ற உள்கடலை அடைத்தார்கள். 1942 வாக்கில் இந்தப் பகுதியின் தண்ணீரை இறைத்து முடித்தபோது தீவு நிலத்தோடு ஒட்டிக்கொண்டது.

நான் இங்கே வரக் காரணம் ஒரு படம். மிகைல் டுடோக் டெ விட் 2000இல் எடுத்த 'அப்பாவும் மகளும்'. எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் அனிமேஷன் படம், மறு ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. இயக்குநர் நெதர்லாந்தில் பிறந்தவர். படம் எந்த ஊரையும் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. ஆனாலும் அந்த மண்கரை, வரிசையாக நிற்கும் உயர்ந்த மரங்கள், பாதி திரைக்கு மேல் விரிந்த வானம் எல்லாம் இந்த நாட்டுக்கே உரியவை.

கதை இரண்டு வரிதான். அப்பாவும் சின்ன மகளும் சைக்கிளில் கரைமேல் வருகிறார்கள். அப்பா விடைபெற்றுக் கீழே இறங்கிப் படகேறிப் போகிறார், திரும்பவே இல்லை. மகள் அந்த இடத்துக்கு வந்துகொண்டே இருக்கிறாள், சிறுமியாக, இளம்பெண்ணாக, பிள்ளைகளுக்குத் தாயாக, கிழவியாக. வசனம் ஒரு சொல்கூடக் கிடையாது.

வாடகை சைக்கிளை மேட்டோரம் சாய்த்துவிட்டு, கைப்பேசியில் படத்தைத் துண்டு துண்டாக ஓடவிட்டுப் பார்க்கிறேன். முதலில் கண்ணில் படுவது தூரம். அப்பா கட்டியணைக்கும்போதுகூடக் கேமரா கிட்டே போகவில்லை. முகம் என்று சொல்ல ஒன்றிரண்டு கோடுகள்தான். கண்ணீரைக் காட்டி நம்மை அழவைக்கும் வழியை இயக்குநர் முதல் காட்சியிலேயே மூடிவிடுகிறார். அதற்குப் பதில் நிழலைத் தருகிறார். ஆள் விரல்நுனி அளவு, நிழலோ கரையின் குறுக்கே நீண்டு கிடக்கிறது. பென்சிலும் கரியும் இழைத்த பழுப்பு நிறத்தில், அந்தச் சிறிய உருவம் திரும்பிப் பார்ப்பதும் நிற்பதும் நமக்கு முழுச் செய்தியாகிவிடுகிறது.

அடுத்தது காற்று. இங்கே வரும் வழியில் அதை நெஞ்சில் வாங்கித்தான் மிதித்தேன். மறைக்க ஒரு குன்றுகூட இல்லாத சமவெளி, எதிர்க்காற்று அடித்தால் சைக்கிள் நின்றே போகும். படத்தில் மகள் உடம்பை முன்னால் சாய்த்து மேட்டில் மிதிக்கும் காட்சியை மிகைப்படுத்திய ஓவியம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இந்தச் சாலையில் வந்து பார்க்கட்டும். அவளுக்கு எந்த வயதில் உடம்பில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பதை இந்த மிதிதான் சொல்கிறது. 'பத்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்ற எழுத்துக்குப் படத்தில் வேலையே இல்லை. சுழலும் சக்கரமும், திரும்பத் திரும்ப வரும் அதே வால்ட்ஸ் மெட்டும் காலத்தை நகர்த்திக்கொண்டே போகின்றன. ருமேனியாக்காரர் இவானோவிச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த 'டான்யூப் அலைகள்' அது. நடனத்துக்கென்று பிறந்த மெட்டை ஒரு பிரிவுக்கு அடியில் ஓடவிட்டதால் துயரம் தேங்கி நிற்கவில்லை. வாழ்க்கை அவளைத் தள்ளிக்கொண்டே போவதுபோல் இருக்கிறது.

படத்தில் நான் மிக உயர்வாக வைப்பது வேறொன்று. அப்பா படகேறியதும் கேமரா அவர் பின்னால் போவதில்லை. எங்கே போனார், ஏன் போனார், என்ன ஆனார், ஒன்றும் தெரியாது. மகளுக்குத் தெரியாத எதையும் நமக்கும் காட்ட மறுக்கிறது படம். ஆண்டுக்கணக்கில் அவளோடு நாமும் கரைமேலேயே நிறுத்தப்படுகிறோம். சாதாரணமாக எடுப்பவர்கள் புயலில் ஆடும் படகை ஒரு ஷாட்டாவது வைத்திருப்பார்கள். வைத்திருந்தால் காத்திருப்பு என்பதே கலைந்து, நமக்கு முடிவு தெரிந்த கதையாகிவிடும்.

இந்தக் கட்டுப்பாட்டின் பலன் கடைசியில்தான் கிடைக்கிறது. கிழவி வருகிறாள். சைக்கிளை நிறுத்துகிறாள், விழுகிறது. தூக்கி நிறுத்துகிறாள், மறுபடியும் விழுகிறது. அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்குகிறாள். தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது உயர்ந்த புல். அதுவரை கரையை விட்டு நகராத நம் பார்வை முதல்முறையாக அப்பா போன பக்கம் இறங்குகிறது. மண்ணில் பாதி புதைந்த படகைப் பார்க்கிறாள், அதில் சுருண்டு படுக்கிறாள். பிறகு எழுகிறாள், நடக்கிறாள், ஓடுகிறாள். ஓட ஓட வயது குறைகிறது. எதிரே அப்பா நிற்கிறார்.

கடல் வற்றிப் புல் முளைப்பதைக் கனவு என்றோ உருவகம் என்றோதான் வெளியூர்க்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். இங்கே அது வரலாறு. தண்ணீரை இறைத்து எடுத்த இந்த மாகாணத்தின் வயல்களில் உழும்போதும் வாய்க்கால் வெட்டும்போதும் 400க்கும் மேற்பட்ட மூழ்கிய கப்பல்கள் வெளிப்பட்டிருக்கின்றன. பல இடங்களில் கம்பம் நட்டு, உச்சியில் ஒரு கப்பல் உருவம் வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் கலம், பல தலைமுறைக்குப் பின் உழவரின் கலப்பையில் தட்டுப்பட்டது இந்த மண்ணில் நடந்ததுதான். அதனால் முடிவுக் காட்சி இருவிதமாகவும் நிற்கிறது. அவள் இறந்துவிட்டாள் என்று படிக்கலாம். வற்றிய கடலில் ஒரு மகள் தன் அப்பாவின் படகைக் கண்டெடுத்தாள் என்று அப்படியே எடுத்துக்கொண்டாலும் இடிக்காது. கீழே ஊன்ற இப்படி ஒரு நிஜ மண் இருப்பதால்தான், வயது குறைந்து ஓடும் அந்த அசாத்தியத்தை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம்.

துறையிலிருந்து இறங்கிப் புல்லுக்குள் வந்துவிட்டேன். மேலே நின்றபோது எல்லாத் திசையும் தெரிந்தது. இங்கே கண்மட்டத்துக்குப் புல்லும் வானமும்தான், கரை தலைக்குமேல் போய்விட்டது. கடைசிக் காட்சியை இந்த இடத்தில் வைத்து இன்னொரு முறை ஓடவிடுகிறேன், இந்த முறை ஒலியைக் குறைத்து, அவள் நடை எந்த அடியில் ஓட்டமாகிறது என்பதை மட்டும் கவனிக்க.