காயிலோவரும் அம்மாவின் முதுகும்

கடன் கேட்டு வர்றவங்ககிட்ட "இது அவசியமா சார்?"னு கேக்கற பேங்க் ஆளு நான். எனக்கே நாற்பது தாண்டி இந்தக் கிறுக்கு பிடிச்சது, மக்களே.

நம்ம போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில ஷாக் அப்சார்பர் தளர்ந்துபோச்சு. மாத்தறதே மாத்தறோம், காயிலோவர் போட்டா என்னன்னு தோணிச்சு. ஷாக்கோட உடம்புல மரை இருக்கும். ஸ்பிரிங் உக்காந்திருக்கற வளையத்தைத் திருகினா வண்டி இறங்கும், ஏறும். இறக்கினா வளைவுல அலையாது, பாக்கவும் ஜோர். ஆனா இறக்கற ஒவ்வொரு மில்லிமீட்டரும், பள்ளத்துல சக்கரம் மேல வர்றதுக்கு இருக்கற இடத்துலேருந்துதான் போகுது. நாலு பேரும் பெட்டியும் ஏறினா மிச்சம் ஒண்ணும் இருக்காது.

சோதனைக்கு, நண்பரோட இறக்கின போலோவுல அம்மாவை புனே ஸ்டேஷன்லேருந்து கூட்டிட்டு வந்தேன். மூணாவது ஸ்பீட் பிரேக்கர்லேருந்து அம்மா பேசவே இல்ல. வீட்டு வாசல்ல இறங்கி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குப்பா. திரும்பிப் போறப்ப நான் ஆட்டோவுலயே போயிக்கறேன்"னாங்க.

கம்பெனி ஸ்பிரிங்கையே வச்சுக்கிட்டு, அதே உயரத்துக்கு நாலு நல்ல ஷாக் மட்டும் போட்டேன். செலவு பாதிகூட ஆகலை. தங்கமணிக்கு மிச்சக் கணக்கை இன்னும் சொல்லலை :-)

போன மாசம் சேலம் கிளம்பினோம். கோலாப்பூர் தாண்டினதும் முன் சீட்டுல அம்மா தூங்கிட்டாங்க.