டாக்டருக்கு வந்த நோட்டீஸ்

அம்பத்தூரில் கால்நடை மருத்துவராக இருக்கும் நண்பருக்கு ஒரு நோட்டீஸ். பார்வோ வந்து செத்துப்போன நாய்க்குட்டிக்காக அதன் சொந்தக்காரர் புகார் கொடுத்திருந்தார். "ஏம்ப்பா, பதிவையே எடுத்துடுவாங்களா?" என்றார் நண்பர்.

எடுக்கலாம். இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டம், 1984 அப்படித்தான் சொல்கிறது. மாநிலப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் தொழில். நடத்தை தவறு என்று முடிவானால் பெயரைக் கொஞ்ச காலத்துக்கோ, நிரந்தரமாகவோ நீக்கலாம். ஆனால், அதற்கு முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும்.

நோயாளி பிழைக்கவில்லை என்பதாலேயே டாக்டர் அலட்சியமாக இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது. பேச்சு மனித டாக்டர்களைப் பற்றித்தான். நியாயம் மாட்டு டாக்டருக்கும் அதுதானே?

அதற்காக, 'நல்லாத்தான் பார்த்தேன்' என்றால் போதாது. நான் பி.காம். வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஏற்க மாட்டார். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு... எல்லாம் நண்பரிடம் எழுத்தில் இருந்தது. 'பிழைப்பது கஷ்டம்' என்று சொன்னதற்குத்தான் கையெழுத்து இல்லை. "பழைய சீட்டில் ஒரு எழுத்தைக்கூட இப்ப சேர்க்காதே. வக்கீலைப் பார்த்து, கெடுவுக்குள் பதில் கொடு" என்றேன்.

புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கும் வேண்டும். பூந்தமல்லிப் பக்கம் ஒரே கறவை மாட்டை நம்பி இருக்கிறவருக்கு அது போனால் வீடே போன மாதிரி. அதனால், அடுத்த முறை ஊசி போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். சீட்டு எழுதி வாங்குங்கள். அது உங்களுக்கும் சாட்சி, அவருக்கும் சாட்சி!